சலுகை கிடைக்காத ஊர்

அம்மாவின் மாத்திரை டப்பாவில் இந்த வாரம் ஆறு அட்டைகள் இருந்தன. பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, மற்றவை கொழுப்புக்கும் வாயுவுக்கும் கால்சியத்துக்கும். வெள்ளிக் காகிதத்தின் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்கும் தயாரிப்பு முகவரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மூன்று அட்டைகளில் இமாச்சலப் பிரதேசம், சோலன் மாவட்டம், பத்தி என்று இருந்தது. இன்னொன்றில் உத்தராகண்ட், ஹரித்வார். உங்கள் வீட்டு அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். இந்த இரண்டு மாநிலங்களில் ஒன்றாவது அநேகமாகத் தட்டுப்படும்.

திருநெல்வேலியில் விற்கிற மாத்திரை இமயமலை அடிவாரத்திலிருந்து ஏன் வருகிறது? அங்கே துறைமுகம் கிடையாது. மருந்துத் தொழிலுக்குப் பேர்போன மும்பையும் அகமதாபாத்தும் ஹைதராபாத்தும் வெகு தூரம். காரணம் ஓர் அறிவிப்பு. 2003 ஜனவரியில், வாஜ்பாய் அரசு இமாச்சலப் பிரதேசத்துக்கும், பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த உத்தராகண்டுக்கும் தொழில் சலுகை அறிவித்தது. அங்கே புதிதாக ஆலை தொடங்கினாலோ, இருக்கிற ஆலையைக் கணிசமாக விரிவாக்கினாலோ பத்து ஆண்டுகளுக்கு எக்சைஸ் வரி முழுக்கத் தள்ளுபடி. வருமான வரியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முழு விலக்கு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கம்பெனிகளுக்கு 30 சதவீத விலக்கு. இயந்திரங்களுக்குப் போடும் முதலீட்டில் 15 சதவீதம், அதிகபட்சம் 30 லட்ச ரூபாய், மானியம்.

2005 ஜனவரியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுவரை ஆலை விலையை வைத்துக் கணக்கிட்ட மருந்து எக்சைஸ் வரியை, அட்டையில் அச்சிடும் எம்.ஆர்.பி.யை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள். வரிச்சுமை கூடியது, வரி இல்லாத இடத்தின் கவர்ச்சியும் அதே அளவுக்குக் கூடியது. மாத்திரையோ எடை இல்லாத சரக்கு. ஒரு லாரி நிறைய ஏற்றினால் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்பு. லாரி வாடகை அதில் ஒரு தூசு. சிமென்ட் ஆலை இப்படி இடம் பெயர முடியாது. மாத்திரை ஆலை பெயரலாம், பெயர்ந்தது.

ஏழை, பணக்காரன் என்று ஆளைப் பார்க்காமல், ஊரைப் பார்த்து அரசு பணமோ சலுகையோ கொடுப்பதை இடம் சார்ந்த கொள்கை என்பார்கள். நம் சிப்காட் வளாகங்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், பின்தங்கிய மாவட்டங்களுக்கான வரி விலக்கு எல்லாம் இந்த வகைதான். மக்கள் வரிப்பணம் கணிசமாகப் போகிறது. அதனால் ஊருக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சாதாரண வாசகரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பெரிய கணிதம் வேண்டாம்.

வழக்கமாக நமக்குச் சொல்லப்படும் பதில் எண்ணிக்கைதான். இத்தனை ஆலைகள் வந்தன, இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை. பல நேரம் இது அறிவிப்பு மேடையில் சொன்ன எண்ணாக இருக்கும், நடந்த எண்ணாக இருக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2017-ல் ஃபாக்ஸ்கான் 13,000 வேலைகள் தருவதாகச் சொன்னது. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது அது 1,454 ஆகச் சுருங்கியிருந்தது. நம் நாட்டில், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2014-ல் கொடுத்த அறிக்கையின்படி, சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கென்று அறிவித்த 45,635 ஹெக்டேரில் வேலை தொடங்கியிருந்தது 28,488 ஹெக்டேரில்தான்.

சரி, மேடை எண்ணை விட்டுவிட்டு, நேரில் போய்த் தலை எண்ணி வந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதுவும் போதாது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: சலுகை கொடுத்த ஊரில் முன்பு 100 பேருக்கு ஆலை வேலை இருந்தது, ஐந்து ஆண்டு கழித்து 200 பேருக்கு இருக்கிறது. 100 வேலை சலுகையால் வந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். பக்கத்தில், எல்லா வகையிலும் அதே மாதிரி இருந்து சலுகை மட்டும் கிடைக்காத ஊருக்குப் போய்ப் பார்க்கிறோம். அங்கே 100 பேர் 160 பேராகியிருக்கிறார்கள். நாடே வளர்ந்த காலம் அது. சும்மா இருந்த ஊரும் வளர்ந்திருக்கிறது. அப்படியானால் சலுகையின் பங்கு 40 மட்டும். பக்கத்து ஊரில் 100 பேர் 80 ஆகக் குறைந்திருந்தால்? அப்போது சலுகையின் பங்கு 120. சலுகை பெற்ற ஊரிலேயே எத்தனை நாள் உட்கார்ந்து எண்ணினாலும் இந்த 40-ம் தெரியாது, 120-ம் தெரியாது. சலுகை கிடைக்காத ஊரைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இமாச்சல், உத்தராகண்ட் விஷயத்தில் இந்தப் பார்வை ரொம்பத் தேவை. சலுகை தொடங்கிய 2003-ம் இந்தியப் பொருளாதாரம் வேகமெடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ரித்தம் சௌரே என்ற பொருளாதார அறிஞர் ஆலைகளின் புள்ளிவிவரங்களை எடுத்து, இந்த இரு மாநிலங்களையும் சலுகை பெறாத மாநிலங்களோடு, 2003-க்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டார். 2017-ல் வெளியான அவர் ஆய்வின் முடிவு சலுகைக்குச் சாதகமானது. வேலைவாய்ப்பு, உற்பத்தி, முதலீடு, ஆலைகளின் எண்ணிக்கை நான்கும் பெரிய அளவில் கூடின. புது ஆலைகள் வந்ததோடு, பழைய ஆலைகளும் பெருத்தன. தொழிலாளர் கூலி உயர்ந்தது. வீட்டு வாடகை உயரவில்லை. செலவுக்கேற்ற பலன் கிடைத்தது என்றே அவர் கணக்கு முடிகிறது. இந்த மாதிரிச் சலுகைகள் எல்லாமே வீண் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு கேள்வி மனசில் நிற்கும். வந்த ஆலை எங்கிருந்து வந்தது? பஞ்சாப் அரசியல்வாதிகள், எங்கள் தொழிலையெல்லாம் இமாச்சல் இழுத்துக்கொண்டது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பத்தி, பரோட்டிவாலா, நாலாகட் மூன்றும் இமாச்சலின் கீழ்விளிம்பில், பஞ்சாபையும் ஹரியானாவையும் ஒட்டியே கிடக்கின்றன. சலுகை எல்லைக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, மறுகாலைச் சமவெளிச் சந்தையில் ஊன்றியது மாதிரி. சௌரேயின் ஆய்வில், ஆலைகள் ஒப்பீட்டுப் பகுதியிலிருந்து பெயர்ந்து போனதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதேசமயம் பஜாஜ் ஆட்டோ 2007-ல் உத்தராகண்டின் பந்த்நகரில் ஆலை திறந்தது. அதே ஆண்டு புனே அருகே அகுர்டி ஆலையில் வண்டித் தயாரிப்பை நிறுத்தியது. சராசரி ஒன்று சொல்லும், தனி ஊர் வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் 2007-ல் நாலாகட்டில் ஆலை திறந்தது. எண்ணூரிலும் ஓசூரிலும் லாரி செய்யும் அசோக் லேலண்ட் 2010-ல் பந்த்நகரில் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தச் சலுகை இல்லாமலிருந்தால் அந்த முதலீடு ஓசூருக்கே வந்திருக்குமா, இல்லை நடக்காமலே போயிருக்குமா? இதை அந்த நிறுவனங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சலுகை வாங்குகிறவர், சலுகை இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டேன் என்றுதான் சொல்வார். மறுமுறையும் வாங்க வேண்டுமே.

இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் அமெரிக்காவின் டிமோத்தி பார்ட்டிக். அங்கே மாநிலங்கள் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சலுகைகளைப் பற்றி வந்த பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2018-ல் அவர் சொன்ன கணக்கு இது: சலுகை வாங்கிய நூறு நிறுவனங்களில், சலுகையால்தான் அந்த ஊருக்கு வந்தவை 2 முதல் 25 வரை. மீதி 75-ம் அதற்கு மேலும், சல்லிக்காசு கொடுக்காவிட்டாலும் அங்கேயே வந்திருக்கும். சாலை, துறைமுகம், ஆள்பலம், சந்தை என்று அவற்றுக்கு ஏற்கெனவே காரணம் இருந்தது. அந்த எழுபத்தைந்து பேருக்குக் கொடுத்ததெல்லாம் ஊருக்கு எதையும் வாங்கித் தராத பணம்.

யாருக்குக் கொடுத்தால் பலிக்கிறது என்பதற்குப் பிரிட்டனில் ஒரு தெளிவான விடை கிடைத்தது. பின்தங்கிய பகுதி ஆலைகளுக்கு அந்த அரசு மானியம் கொடுத்துவந்தது. எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வரைபடத்தை ஐரோப்பிய யூனியன் விதிகள் தீர்மானித்தன. 2000-ல் விதி மாறி வரைபடத்தைத் திருத்தி வரைந்தார்கள். சில பகுதிகள் உள்ளே வந்தன, சில வெளியே போயின. அந்த ஊர்கள் நன்றாக இருந்ததோ கெட்டதோ அதற்குக் காரணமில்லை. எங்கோ மாறிய விதிதான் காரணம். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கியாரா கிரிஸ்குவோலோவும் மூன்று சகாக்களும் 2019-ல் வெளியிட்ட முடிவு: மானிய உச்சவரம்பை 10 புள்ளி உயர்த்தினால் அந்தப் பகுதியின் ஆலை வேலைவாய்ப்பு சுமார் 10 சதவீதம் கூடியது. ஆனால் கூட்டியதெல்லாம் சிறு நிறுவனங்கள். பெரிய நிறுவனங்கள் மானியத்தை வாங்கிக்கொண்டன, ஆளை மட்டும் கூட்டவில்லை. நம் ஊரில் சலுகைப் பேச்சு என்றாலே பெரிய கம்பெனி முதலாளியோடு கைகுலுக்கும் படம்தான் பத்திரிகையில் வருகிறது. லேத் பட்டறைக்காரர் படம் வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது, பலன் யார் கையில் தங்குகிறது என்பது. சில ஆண்டுகளுக்கு முன்னால் தொழிற்பூங்கா வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பூங்காவுக்கு ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. சாலையோரப் புஞ்சையில் மட்டும் வெள்ளைக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி மனை பிரித்திருந்தார்கள். டீக்கடையில் இருந்த பெரியவர், "சென்ட்டு மூணு மடங்கு ஏறிப்போச்சு தம்பி, வித்தவன் மெட்ராஸ்காரன், வாங்குறவனும் மெட்ராஸ்காரன்" என்றார். அவருக்குச் சொந்த நிலம் இல்லை. வாடகை வீடு, வாடகை ஏறினால் அவர்தான் கொடுக்க வேண்டும். ஊருக்குக் கொடுத்த சலுகை நில விலைக்குள் புகுந்துகொண்டால், அது நிலக்காரருக்குக் கொடுத்த சலுகையாக முடிகிறது. அதனால்தான் நல்ல மதிப்பீடுகள் வேலையை மட்டும் பார்க்காமல் கூலியையும் வாடகையையும் சேர்த்தே பார்க்கின்றன.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலை ஓரளவு தவிர்த்த திட்டம் ஒன்று உண்டு. கிளிண்டன் காலத்தில், 1994-ல், சிகாகோ, டெட்ராய்ட், பால்டிமோர் உள்ளிட்ட பெருநகரங்களின் ஏழ்மையான பேட்டைகளை அதிகாரமளிப்பு மண்டலங்களாக அறிவித்தார்கள். அங்கே வேலை கொடுக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் வரை வரிக்கழிவு. ஆனால் அந்த ஆள் அதே மண்டலத்தில் வேலை பார்த்தால் மட்டும் போதாது, அதே மண்டலத்தில் குடியிருக்கவும் வேண்டும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவருக்குக் கிடையாது. பூசோ, கிரெகரி, கிளைன் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, மண்டலத்தில் வேலை கூடியது, உள்ளூர்வாசிகளின் கூலி உயர்ந்தது, வாடகை அதற்கேற்ப ஏறவில்லை என்று காட்டியது. இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே நாட்டில் உண்டு. கலிஃபோர்னியாவின் தொழில் மண்டலங்களைத் தெருத்தெருவாக எல்லை குறித்து ஆராய்ந்த நியூமார்க்கும் கோல்கோவும் 2010-ல், வேலைவாய்ப்பில் எந்த விளைவையும் காணோம் என்று எழுதினார்கள். 2013-ல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்கு முடிவுகட்டியது. இரண்டுக்கும் மண்டலம் என்றே பேர். பேரை வைத்துப் பலனைச் சொல்ல முடியாது, விதியைப் படிக்க வேண்டும்.

உத்தராகண்டுக்குத் திரும்புகிறேன், அங்கே என்னை அதிகம் வருத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தைக் கேட்டு வாங்கியவர்கள் மலைக்காரர்கள். மலையில் வேலை இல்லை, ஆண்கள் எல்லாம் டெல்லிக்கும் ராணுவத்துக்கும் போய்விடுகிறார்கள் என்ற ஆதங்கத்தில் பிறந்த போராட்டம் அது. சலுகையோ மாநிலம் முழுமைக்கும் வந்தது. மலைமேல் ஆலை கட்ட எந்த முதலாளிக்கு ஆசை இருக்கும்? ஹரித்வார், உதம் சிங் நகர் என்று சமவெளி மாவட்டங்களிலேயே ஆலைகள் குவிந்தன. 2001-க்கும் 2011-க்கும் இடையில் இந்த இரண்டு மாவட்டங்களின் மக்கள்தொகை 30 சதவீதத்துக்கு மேல் பெருகியது. அதே பத்தாண்டில் மலை மாவட்டங்களான அல்மோராவிலும் பௌரி கட்வாலிலும் மக்கள்தொகை குறைந்தது. அங்கே கதவுக்குப் பூட்டுப் போட்டு மொத்தக் கிராமமும் காலியாவது வழக்கமாகிவிட்டது. 2017-ல் மாநில அரசு இதற்கென்றே இடப்பெயர்வு ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டிவந்தது. மாநிலச் சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இது வெற்றிக் கதை. பௌரியில் படிப்படியாக அடுக்கிய வயல்களில் புல் மண்டிக் கிடப்பது அந்தச் சராசரிக்குள் தெரியாது. எந்த ஊருக்காகச் சலுகை கேட்டார்களோ, அந்த ஊரையே அளக்க வேண்டும்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் யாராவது மதிப்பிட்டிருந்தால் தங்கப்பதக்கம் கொடுத்திருப்பார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள், அதில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள், வேலை இழந்து போனார்கள். 2015-ல் மதிப்பிட்டிருந்தால் முழுத் தோல்வி. 2019-ல் சால்காம்ப் நிறுவனம் அந்தக் காலி வளாகத்தையே வாங்குவதாக அறிவித்தது; இன்று அந்தச் சுற்றுவட்டாரம் மறுபடி செல்போன் செய்யும் ஊராகியிருக்கிறது. இதில் நோக்கியாவின் மிச்சம் எவ்வளவு, அங்கே பழகிய கைகளின் பங்கு எவ்வளவு என்பதை ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டும். நான் மிகவும் படிக்க ஆசைப்படுகிற ஆய்வு அது.

நீண்ட காலம் அளந்து பார்த்த கதைக்கு அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கைத்தான் சொல்ல வேண்டும். 1933-ல் ரூஸ்வெல்ட் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அணை கட்டியது, மின்சாரம் கொடுத்தது, சாலை போட்டது. பேட்ரிக் கிளைனும் என்ரிகோ மொரெட்டியும் நூறு ஆண்டுப் புள்ளிவிவரங்களைத் தோண்டி 2014-ல் எழுதினார்கள். விவசாய வேலைகளில் வந்த உயர்வு, அரசுப் பணம் நின்றதும் கரைந்துபோனது. ஆலை வேலைகள் அப்படியில்லை. 1960-க்குள் மானியம் வற்றிய பிறகும் பெருகிக்கொண்டே போயின. சலுகை நின்ற பிறகும் நிற்குமா என்ற கேள்விக்கு ஒரே திட்டத்தில் இரண்டு விடை. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: ஆலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குவிவதால் டென்னசியில் கிடைத்த கூடுதல் லாபத்தை, நாட்டின் மற்றப் பகுதிகள் இழந்த லாபம் ஈடுகட்டிவிட்டது. நாடு முழுமைக்கும் மிஞ்சியது, அணையும் சாலையும் நேரடியாகக் கொடுத்த உற்பத்தித் திறன்.

நம் மலைமாநிலச் சலுகைக்கும் இதே சோதனைதான். பத்து ஆண்டு என்று ஆரம்பித்தது அது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து எக்சைஸ் விலக்கு இல்லாமல் போனதும், சலுகைக்காலம் பாக்கியிருந்த ஆலைகளுக்கு, கட்டும் மத்திய ஜி.எஸ்.டி.யில் 58 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. வடகிழக்கும் ஜம்மு காஷ்மீரும் சேர்த்து அதற்கு 2027 மார்ச் வரை ஒதுக்கிய தொகை 27,413 கோடி ரூபாய். சலுகை நின்ற பிறகும் பத்தியில் எத்தனை ஆலைகளில் விளக்கெரிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கணக்கில் எழுதாமல் விட்ட செலவுகள் தனி. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் சுமார் 1.5 லட்சம் டன் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்தது. அந்த ஆலை கொடுத்த வேலைகள் 1990-களின் நடுவிலேயே முடிந்துபோயின. நிலத்தடி நீரில் இறங்கிய நஞ்சு அதற்குப் பிறகும் இருந்தது.

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வுகள் ஏன் சாத்தியமாயின என்று யோசித்தால் ஒரு சின்ன விஷயத்தில் போய் நிற்கும். 1994-ல் அதிகாரமளிப்பு மண்டலத்துக்கு விண்ணப்பித்துக் கிடைக்காத பேட்டைகளின் பட்டியல் பத்திரமாக இருந்தது. அவற்றையும் பின்னால் தேர்வானவற்றையும் வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். டென்னசிக்கு, அதே மாதிரி முன்மொழிந்து அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றாமல் விட்ட மற்ற ஆற்றுப் படுகைகள் ஒப்பீடாயின. பி.எம்.டபிள்யூ. போன்ற பெரிய ஆலைகளை வென்ற மாவட்டங்களை, கடைசிச் சுற்றில் தோற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள் கிரீன்ஸ்டோன், ஹார்ன்பெக், மொரெட்டி மூவரும். தோற்ற ஊர் எது என்பது ஒரு தொழில் இதழில் அச்சாகியிருந்தது. ஐந்து ஆண்டில் வென்ற மாவட்டத்தின் பழைய ஆலைகளுடைய உற்பத்தித் திறன் 12 சதவீதம் முந்தியிருந்தது என்று 2010-ல் அவர்கள் சொல்ல முடிந்தது, அந்த இதழில் இருந்த தோற்ற ஊரின் பேரால்தான்.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் தொழிற்பேட்டைக் கோப்பு பார்க்கக் கிடைத்தது. வந்த ஆலை, ஒதுக்கிய ஏக்கர், சொன்ன வேலை எல்லாம் வரிசையாக இருந்தன. இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் வேறு எந்தெந்த ஊர்களைப் பார்த்தீர்கள், அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். எழுத்தர் நல்ல மனிதர், உண்மையிலேயே தேடினார். "அதெல்லாம் எடுத்து வைக்கறதில்ல சார். அந்த ஊர்லதான் ஒண்ணும் வரலையே" என்றார். நாலு ஊர்ப் பெயர், அன்றைய தேதியில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு என்ன வேலை, தினக்கூலி எவ்வளவு, ஓர் அறை வீட்டுக்கு வாடகை என்ன, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர். ஒரு முழுத்தாளுக்குள் அடங்கிவிடும். அடுத்த தொழிற்பேட்டைக்கு உத்தரவு போடும்போது அந்தத் தாளையும் கோப்பில் கோத்து வைக்கச் சொல்லி, இந்த மாதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.